ரெண்டாயிரம் பொறக்கறதுக்குள்ள: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோவைக் கையேடு

இந்தக் கையேடு 1999 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அச்சகத்தில் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அது முடிவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பொங்கல் முடிந்தால் பைண்டிங்காரர் வீட்டில் சீர். இப்படியே ஒன்று மாற்றி ஒன்றாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. ஆனாலும் இது கெட்டுப்போகிற சரக்கில்லை. பீளமேட்டு வீட்டுப் பரண்களிலும் பொள்ளாச்சித் தோட்டத்துச் சாளைகளிலும் சாக்கு போர்த்திய பழைய பென்டியங்கள் சில இன்னும் உட்கார்ந்துதான் இருக்கின்றன. ரெண்டாயிரம் பிறந்த சேதி அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. நீங்கள் இறக்கி வைத்துத் துடைக்கப்போகும் நாளில் இது உதவும்.

படிகளுக்கு இரண்டு இலக்க எண்தான் போட்டிருக்கிறோம். நான்கு இலக்கம் போட்டால் மை வீண்.

படி 95: கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள்

1999-ல் கோயம்புத்தூர் வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை. நடுவீட்டில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற இடத்தில் இருக்கும். மானிட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சி.பி.யூ.வுக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை. திரைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்று தொங்கும். கண்ணுக்கு நல்லது என்று கடைக்காரர் கடைசி நேரத்தில் பில்லில் சேர்த்தது அது. ஒறம்பரை வந்தால் உறையைக் கழற்றிக் காட்டுவார்கள், போனதும் திரும்பப் போர்த்திவிடுவார்கள். பாதி வீடுகளில் அது செய்த முழு வேலையும் இதுதான்.

உறையை எடுங்கள். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கேபினெட்டைத் திறங்கள். ஸ்பின்னிங் மில் பக்கத்து வீடு என்றாலோ, திருப்பூரில் கீழே பனியன் கட்டிங்கும் மேலே குடித்தனமும் என்றாலோ, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திறங்கள். ஃபேன் இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் பஞ்சு படிந்திருக்கும். அதற்குக் கீழே ப்ராசஸர் மேல் இருக்கிற அலுமினியப் பற்களுக்கு நடுவில் பஞ்சும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் இறுகிப் போயிருக்கும். நகத்தை விட்டு நெம்பினால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வரும். பவர் சப்ளை டப்பாவின் மூலையில் பல்லி முட்டை ஒன்றிரண்டு இருக்கலாம். நூற்றாண்டு மாறியதால் செத்த மதர்போர்டுகளைவிடப் பல்லி குறுக்கே விழுந்து செத்தவை இந்தப் பக்கம் அதிகம் என்பது என் கட்சி.

அப்படியே மதர்போர்டின் ஓரத்தில் பாருங்கள். காசு அளவில் ஒரு பேட்டரி, மேலே சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும். கரண்ட் இல்லாதபோதும் மணியையும் தேதியையும் ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தினமும் காலையில் பழைய வருஷத்தில் கண் விழிக்கும். அதற்கும் நூற்றாண்டுக்கும் சம்பந்தமில்லை. 1999-ல் மட்டும் சம்பந்தம் இருந்தது. பேட்டரி மாற்றியவர்கள் பில்லில் ‘ஒய்2கே சர்வீஸ்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

படி 96: பெரியவர்களுக்கு விளக்கம் சொல்லுங்கள்

இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாவக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளாமல் எந்த ஸ்விட்சும் போட முடியாது.

“ஏங் கண்ணு, ரெண்டாயிரம் பொறந்தா அந்தப் பொட்டி வெடிச்சுப்போயிருமாமா?”

“வெடிக்காதுங் அப்பாரு. வருசந்தான் மறந்துபோயிரும்.”

“எத்தன வருசம்?”

“நூறுங்.”

“நூறா? நமக்கெல்லாம் அறுவதுதானப்பா மறக்கும்.”

அப்பாரு சொன்னதில் விஷயம் இருக்கிறது. முதலில் கம்ப்யூட்டர் கதையை முடித்துவிடுவோம். 1960-களில் கம்ப்யூட்டரின் நினைவகம் பொன்விலை. துளை போட்ட அட்டையில் ஒரு வரிக்கு 80 எழுத்துதான் இடம். வருஷத்துக்கு நான்கு இலக்கம் எழுதினால் ஒவ்வொரு தேதியிலும் இரண்டு இடம் வீண். 19 என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்று அதை விட்டுவிட்டார்கள். எழுதியவர்கள், 2000 வரைக்குமா இந்த புரோகிராம் ஓடும் என்று நினைத்தார்கள். ஓடியது. பாங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் ஓடியது. 99-க்குப் பின் 00 வந்தால் அது 2000 அல்ல, 1900 என்று கணக்குப் போடும் நிலைமை. சிக்கனத்தைக் குறை சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. இங்கே டைரியில் முன்பக்கம் தோட்டத்துக் கூலிக் கணக்கு இருக்கும், அதே தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு ஓடும்.

இனி அப்பாரு கணக்கு. 1999 ஏப்ரலில் பிறந்தது பிரமாதி வருஷம். அதற்கு முந்தின பிரமாதி 1939-ல், ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த ஆண்டில். ஆத்தா “எந் தம்பி பிரமாதீல பொறந்தவன்” என்றால் அவருக்கு அறுபது வயசா, இன்னும் தொட்டிலில் கிடக்கிறாரா என்று கம்ப்யூட்டர் தடுமாறும். இங்கே யாரும் தடுமாறியதில்லை. தாது வருஷத்துப் பஞ்சம் என்றால் 1876-77-ல் வந்த பெரும்பஞ்சம் என்று கொங்குச் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்கப்புறம் 1936-ல் ஒரு தாது வந்தது, 1996-ல் இன்னொன்று வந்தது. 1996-ல் தாது பிறந்தபோது யாரும் குதிரில் கம்பைக் கொட்டிப் பதுக்கியதாகக் கேள்விப்படவில்லை. இலக்கத்தைச் சுருக்கிவிட்டு, மீதியை ஆளையும் பேச்சையும் பார்த்துப் புரிந்துகொள்வது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம்.

அதற்கும் மேலே ஒன்று. வருஷத்தின் பெயர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வரும்போது நாம் அலறுவதில்லை. அறுபதாம் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, கிழவரையும் கிழவியையும் மாலையும் கழுத்துமாக உட்காரவைத்து, மறுபடி தாலி கட்டச் சொல்லி, பந்தி போடுகிறோம். ஐ.பி.எம்.காரர்களுக்கு இந்த வழி தெரிந்திருந்தால் மெயின்ஃப்ரேம்களை எல்லாம் திருக்கடையூருக்கு அழைத்துக்கொண்டு போய் வேலையை ஒரே நாளில் முடித்திருப்பார்கள்.

நான்கு இலக்கம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஜில்லாவில் வசதி இருந்தது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது பசலி வருஷம். 1999 ஜூலையில் தொடங்கியது பசலி 1409, அடுத்த ஜூலையில் 1410. நான்கு இலக்கமும் முழுசாக, கையெழுத்தில். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால் கொல்லம் ஆண்டு 1175. இங்கே எங்கேயும் இரண்டு சைபர் சேர்ந்து கண்ணில் படவே இல்லை. டெல்லியில் மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவே போட்டு இந்தப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், முழுத் தயார் நிலையில் இருந்த அரசு ஆவணம் தென்னந்தோப்புக்குள் ஓட்டுக் கட்டடத்தில் சணல் கயிறு கட்டிக் கிடந்தது.

அப்பாருவுக்கு இவ்வளவு சொன்னால் போதும். மேலே கேட்டால் கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

படி 97: உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்

தேதி தப்பினால் நாசமாகக்கூடிய தகவல் எது, தப்பினாலும் ஒன்றும் ஆகாதது எது என்று பிரிக்க வேண்டும். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை வைத்துத்தான் பட்டியல் எடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் இப்போது நம்பிக்கைக்கு உரியதல்ல.

விளையாட்டுகள் முதலில் வரும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு எந்த நூற்றாண்டானாலும் ஒரு மணி நேரம்தான் கெடு. அதற்குத் தேதி தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

அடுத்து பையனுடைய கோபால் பயிற்சிகள். கோபால் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, 1959-ல் உருவாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் மொழி. பையனுடைய அப்பாவைவிட அதற்கு வயசு அதிகம் இருக்கலாம். காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர் இருந்த காலம். செத்துப்போனதாக நினைத்த மொழியைத் திடீரென்று எல்லோரும் படித்தார்கள். அமெரிக்காவில் கோடிக்கணக்கான வரிகளைத் திறந்து தேதியைத் திருத்த ஆள் வேண்டியிருந்தது, அதனால் எச்1பி விசா வரம்பை 1999-க்கு 1,15,000 ஆக உயர்த்தினார்கள். அதுவரை ஜாதகத்தோடு எத்தனை ஏக்கர், கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர் என்று கேட்ட பெண் வீட்டார், “மாப்பிளைக்கு கோபால் தெரியுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பயிற்சிகளை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். கல்யாணப் பேச்சுக்கு உதவும், 2001-ல் அங்கே வேலை குறைந்து பையன்கள் திரும்பி வரும் வரைக்கும்.

மூன்றாவது ஜாதக சாஃப்ட்வேர். இதைத்தான் உண்மையாகக் கவனிக்க வேண்டும். கொங்கு வீட்டில் தேதியை நம்பி ஒரு புரோகிராம் ஓடியது என்றால் அநேகமாக இது ஒன்றுதான். 2000 ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு வருஷத்தை 00 என்று அடித்து, பெட்டி அதை 1900 என்று எடுத்துக்கொண்டால், மேஷத்தில் நீசமாக உட்கார்ந்திருக்கும் சனி ஒரே தாவலில் தனுசுக்குப் போய்விடுவார். அடித்த அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பரிகாரச் செலவு மிச்சம். ஆனால் இருபத்தைந்து வருஷம் கழித்துப் பொருத்தம் பார்க்கும்போது சனி வீடு திரும்பிவிடுவார்.

நான்காவது, வயசுக் கணக்கு. குடும்ப விவரத்தை எக்ஸெலில் ஏற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இதைக் கேளுங்கள். எக்ஸெல் 97-க்கு ஒரு சட்டம் உண்டு. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் அடித்தால் 00 முதல் 29 வரை 2000-த்தில் சேர்க்கும், 30 முதல் 99 வரை 1900-த்தில் சேர்க்கும். 1928-ல் பிறந்த அப்பாருவை ‘28’ என்று அடித்தால் அவர் 2028-ல்தான் பிறப்பார். 1932-ல் பிறந்த ஆத்தாவுக்கு ஒரு குறையும் வராது. இன்னும் பிறக்காதவருக்குக் கழுத்தை நீட்டி ஆறு பிள்ளை பெற்ற கதையை ஆத்தாவிடம் படித்துக் காட்டலாம். விளைவுகளுக்குக் கையேடு பொறுப்பல்ல.

கடைசியாக வட்டிக் கணக்கு. மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களும் பைனான்ஸ் நடத்துபவர்களும் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய சின்னப் புரோகிராம்களை வீட்டுக்கும் கொண்டுவந்திருப்பார்கள். ஃபாக்ஸ்புரோவில் தேதி உள்ளே நான்கு இலக்க வருஷத்தோடுதான் உட்காரும். கோளாறு அடிப்பவர் கையில் இருக்கிறது. திரை இரண்டு இலக்கம் கேட்டு, அவர் 00 அடித்தால், உள்ளே 1900 பதிவாகிவிடும். ‘செட் சென்ச்சுரி ஆன்’ என்று ஒரு வரி சேர்த்தால் திரை நான்கு இலக்கமாகக் கேட்கும். அதைச் சேர்க்கவா வேண்டாமா என்பது நீங்கள் கொடுத்தவரா வாங்கியவரா என்பதைப் பொறுத்தது. நூற்றுக்கு மாசம் ரெண்டு வட்டியில் 1999 ஜனவரியில் பத்தாயிரம் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2000 ஜனவரியில் கட்ட வேண்டிய வட்டி 2,400 ரூபாய். பெட்டி 00-ல் இருந்து 99-ஐக் கழித்தால் மைனஸ் 99 வருஷம், வட்டி மைனஸ் 2,37,600. அதாவது பைனான்ஸ்காரர் உங்களுக்குத் தர வேண்டும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் மேசை இழுப்பறையில் இருந்து நீள நோட்டை எடுப்பார். அதில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

மொய்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் யாராவது இருந்தால், உடனே நோட்டுக்குத் திரும்புங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

படி 98: பேக்கப் எடுங்கள்

உங்கள் ஹார்ட் டிஸ்க் 4.3 ஜி.பி. ஒரு ஃப்ளாப்பியில் பிடிப்பது 1.44 எம்.பி. முழுசாகப் பேக்கப் எடுக்க ஏறக்குறைய மூவாயிரம் ஃப்ளாப்பி வேண்டும். அடுக்கி வைக்கத் தனி பீரோ வேண்டும், மாற்றி மாற்றிச் செருகச் சித்தப்பா மகன் ஒருத்தன் லீவில் வந்திருக்க வேண்டும். ஆகவே பட்டியலில் தேறியதை மட்டும் எடுங்கள். நான்கு ஃப்ளாப்பி தாராளம்.

எடுத்ததை எங்கே வைப்பது? பட்டுச்சேலை பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஃப்ளாப்பியின் தகர மூடியை விரலால் தள்ளினால் பழுப்பு நிற வட்டு தெரியும். அதில் மிளகு அளவுக்கு வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் டிரைவில் போடாதீர்கள். தகரம் அரைபடுகிற சத்தத்தோடு அந்த ஃப்ளாப்பி போகும். டிரைவ் தலையில் பூஞ்சை ஒட்டிக்கொண்டால் அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியும் சேர்ந்து போகும்.

1999-ல் தகவலைக் கொன்றது யார் என்று கேட்டால் நான் கை காட்டுவது ஏப்ரல் 26-ஐ. அன்றைக்குத்தான் தைவான் மாணவன் ஒருவன் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் வெடித்தது. செர்னோபில் அணு உலை வெடித்த நாளும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்றே பெயர் பரவியது. காலையில் ஆன் செய்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்கின் தலைப்பகுதி அழிந்திருந்தது. சிலருக்கு மதர்போர்டின் பயாஸ் சில்லும் போய், திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. ஆசியாவில் ஏகப்பட்ட பெட்டிகள் போயின, இந்தியாவிலும் போயின. திருட்டு சி.டி.யில் கேம் வாங்கிப் போட்டவர்கள் கூடுதலாக வேண்டிக்கொண்டார்கள். டிசம்பர் 31-க்கு ஊரே கூடிக் காவல் இருந்தது. ஏப்ரல் 26-க்கு ஒருத்தரும் இல்லை.

இன்னொரு சேதாரம் சத்தமே இல்லாமல் நடந்தது. சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துரு முறைக்கும் ஒரு ஒழுங்கு சொன்னது. நல்ல காரியம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளாளுக்கு ஒரு தமிழ் ஃபான்ட் இருந்தது. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை அதில் அடித்து, பிரதி எடுத்து, பத்திரமாக வைத்திருப்பீர்கள். தேதி எல்லாம் சரியாக, நான்கு இலக்கமாக இருக்கும். இன்றைக்குத் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ இருந்த இடத்தில் கொம்பு வைத்த ஆங்கில எழுத்தும் பவுண்டு குறியும் தலைகீழ்க் கேள்விக்குறியும் வரிசையாக நிற்கும். அந்த ஃபான்ட் கிடைத்தால் திரும்ப வரும். அது எந்த ஃப்ளாப்பியில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஆகவே பேக்கப்புக்கு என் ஆலோசனை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். தெருவுக்கே கேட்கிற சத்தத்தில், ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில், எல்லாவற்றையும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 99: கம்ப்யூட்டரைப் பரீட்சை எழுத வையுங்கள்

கறுப்பு டாஸ் திரைக்குப் போங்கள். ‘டேட்’ என்று அடித்து 12-31-1999 கொடுங்கள். ‘டைம்’ என்று அடித்து 23:58 கொடுங்கள். பெட்டியை அணையுங்கள். மூன்று நிமிஷம் பொறுத்து மறுபடி போட்டு, ‘டேட்’ என்று கேளுங்கள். சோதனைக்காகக் கொடுத்த முப்பது நாள் சாஃப்ட்வேர்கள் தேதி தாண்டியது என்று நினைத்து அன்றோடு கதவைச் சாத்திவிடும், அது உங்கள் தலையெழுத்து.

01-01-2000 என்று வந்தால் ஏமாற்றம்தான். கையேட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

01-04-1980 என்று வந்தால் கதை சுவாரஸ்யமாகிறது. கம்ப்யூட்டரின் கடிகாரச் சில்லு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும்தான் நகர்த்தும். 19 என்கிற நூற்றாண்டு எண் வேறொரு மூலையில் எழுதிக் கிடக்கும், அதை யாராவது மாற்றினால்தான் உண்டு. மாற்றாவிட்டால் சில்லு 1900 என்று சொல்லும். டாஸின் உலகம் 1980 ஜனவரியில் பிறந்தது. அதற்கு முன்னால் காலம் என்று ஒன்று இருந்ததை அது ஒப்புக்கொள்வதில்லை, குழம்பிப்போய் 1980 ஜனவரி 4-ல் வந்து நிற்கும். அது எந்த நாள் என்று பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் ஜனவரி 3-ம் தேதி வாக்குப்பதிவு முடிந்து, 6-ம் தேதி வாக்குப்பதிவுக்கு நாடு காத்திருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் பெரியார் மாவட்டமாகப் பிரிந்து சில மாதம்தான் ஆகிறது. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. எலெக்‌ஷன் முடிவை அதனிடம் சொல்லிவிட வேண்டாம்.

நேராக 1900 என்றே வந்தால் சிரமம் கொஞ்சம் அதிகம். அன்றைய கோயம்புத்தூரில் பஞ்சாலை என்று பேர் சொல்ல 1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய மில் இருக்கிறது. பிளக் சொருக இடம் இல்லை. பைக்காரா மின்சாரம் வர 1930-கள் ஆகும். தாகத்துக்குச் சிறுவாணித் தண்ணீர் கேட்காதீர்கள், அதற்கும் முப்பது வருஷம் இருக்கிறது. ஜில்லா மட்டும் பெரிசு, கரூரும் கொள்ளேகாலமும் உள்ளே. ரிப்பேருக்கு ஆள் தேடினால் கலங்கல் கிராமத்துக்குப் போகலாம். ஜி.டி.நாயுடு என்று ஒரு பையன் இருக்கிறான், கை வேலையில் கெட்டிக்காரனாக வருவான். இப்போதைக்கு வயசு ஆறு.

கிழமையும் மாறிப்போகும். 2000 ஜனவரி 1 சனிக்கிழமை, 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. நீங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருக்கும்போது பெட்டி ஆபீசுக்குக் கிளம்பச் சொல்லும். போதாக்குறைக்கு 1900-க்குப் பிப்ரவரி 29 கிடையாது, 2000-க்கு உண்டு. நூறால் வகுபடும் வருஷம் லீப் இல்லை, நானூறால் வகுபட்டால் லீப். இந்த இரண்டாவது வரியைப் பள்ளிக்கூடத்தில் தூங்கிய புரோகிராமர்களுக்காக பிப்ரவரி கடைசியில் இன்னொரு தடவை பயப்பட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் மருந்து என்ன? பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்கு, 2000 ஜனவரி 1-ம் தேதி காலையில் சரியான தேதியை ஒருமுறை கையால் அடித்தால் போதும். நூற்றாண்டு எண் மாறிவிடும், அதன்பின் அது தானாக நடந்துகொள்ளும். அதற்கும் மசியாத சில பழைய பயாஸ்களுக்குத் தனித் திருத்தம் வாங்க வேண்டும். மொத்தக் கையேட்டின் உபயோகமான வாக்கியம் இதுதான், நடுவில் போட்டுவிட்டேன்.

படி 00: அந்த இரவு

படிகளைக் கம்ப்யூட்டரில் ஏறுவரிசையில் அடுக்கியவர்களுக்கு இது முதலில் வந்திருக்கும். பேக்கப்பும் எடுக்காமல் பெரியவரிடமும் சொல்லாமல் இங்கே வந்து நிற்பீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு டீ குடிக்கும்போது டிவியைப் போடுங்கள். நம் நாலரைக்கு நியூசிலாந்தில் நள்ளிரவு. அங்கே ரெண்டாயிரம் பிறந்துவிட்டது, லைட் எரிகிறது, ஆட்கள் ஆடுகிறார்கள். ஆறரைக்கு சிட்னி, எட்டரைக்கு டோக்கியோ. உலக உருண்டையைக் கொஞ்சம் பார்த்தவர்களுக்கு பயம் டீயோடு இறங்கிவிட்டது. அன்று நம் ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் விமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டது வாஸ்தவம்தான். ஆனால் அது கடத்தப்பட்டு ஒரு வாரமாகக் காந்தகாரில் நின்றிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம். பயணிகள் அன்றைக்குத்தான் விடுதலையானார்கள். கம்ப்யூட்டர் கோளாறில் விமானம் விழுமா என்ற பேச்சு அதற்கு முன்னால் எடுபடவில்லை.

இரவு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மோடத்துக்கு வரும் டெலிபோன் ஒயரையும் பிடுங்குங்கள். யு.பி.எஸ். ஒன்றும் புரியாமல் பீப் அடிக்கும், அணைத்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு வெடிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், அது தெருவில். அப்பாரு எட்டு மணிக்கே தூங்கியிருப்பார். ஈச்சனாரி பிள்ளையார் கோயிலில் வரிசை நீளம், போவதாக இருந்தால் மார்கழிப் பனிக்குக் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பதில் இருந்து பத்தரை வரை ராகு காலம், ஒன்றரையில் இருந்து மூன்று வரை யமகண்டம். நடுவில் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து ஸ்விட்சைப் போடுங்கள். ஆத்தா குங்குமம் வைத்துவிடட்டும், திரையில் வைக்க வேண்டாம், கேபினெட்டில் போதும். தேதியை அடியுங்கள். முடிந்தது.

உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் மாகாணத்தில் வீடியோ கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு நூறு வருஷத் தாமதக் கட்டணமாக 91,250 டாலர் பில் வந்தது. அமெரிக்காவுக்கே மணி சொல்லும் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம், பிறந்த வருஷம் 19100 என்று காட்டியது. பெரிய விபத்து எதுவும் இல்லை. உடனே கிளம்பிவிட்டார்கள், எல்லாம் புரளி, கம்ப்யூட்டர்காரன் காசு பண்ணக் கட்டிய கதை என்று. பல வருஷம் ராத்திரி பகலாக உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியவர்களில் நம் பக்கத்துப் பையன்களும் இருந்தார்கள். வேலையைச் சரியாகச் செய்து முடித்ததற்கு அடையாளமே ஒன்றும் நடக்காததுதான் என்றால், சம்பளத்தை எதைக் காட்டிக் கேட்பது? சிங்காநல்லூர் மாமா ஒருவர் இன்றுவரை அமெரிக்க மருமகனிடம், “நீங்க போயி என்னதானுங் மாப்ள பண்ணுனீங்க?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படி 01

அச்சகத்துக்கு இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். பழைய 32 பிட் கணக்கில் ஓடும் பெட்டிகள் 1970 ஜனவரி 1-ல் இருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. அந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு 214,74,83,647. அதற்கு மேல் ஒரு விநாடி கூடினால் தேதி 1901 டிசம்பருக்குப் போய் விழும். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரும் போனும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. வாசல் கேமராவின் ரெக்கார்டர், தோட்டத்து மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் டப்பா, மாடியில் தூசியோடு எரிந்துகொண்டிருக்கும் பழைய ரவுட்டர், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். வாங்கியவருக்கே எந்த மென்பொருள் உள்ளே ஓடுகிறது என்று தெரியாது, விற்றவர் கடையை மாற்றியிருப்பார்.

நாள் குறித்துக்கொள்ளுங்கள். 2038 ஜனவரி 19, தை பிறந்து சில நாளில், இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. கிழமை செவ்வாய். யமகண்டம் ஒன்பதுக்குத் தொடங்குகிறது. தேதியைத் திருத்தி அடிக்கப் பதினாறு நிமிஷம்கூட முழுசாக இல்லை. ஆகவே கீபோர்டின் உறையை எட்டரைக்கே கழற்றி வைத்துவிடுங்கள்.